செருப்பு டோக்கனும் ஏழு கடைக் கணக்கும்

என்னிடம் ஏழு கடைக்காரர்களின் பாஸ்வேர்டு இருந்தது. இப்போது ஆறுதான் இருக்கிறது. அந்த ஒன்று எப்படிப் போயிற்று என்று சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

முதலில் அடியேனைப் பற்றிக் கொஞ்சம். பி.காம்., செகண்ட் கிளாஸ். வயது முப்பதுக்கு மேல், நாற்பதுக்குக் கீழ். அதற்கு மேல் துருவ வேண்டாம். 'எழுத்தாளர்' என்று விசிட்டிங் கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டை அச்சடித்த கூலியைக் கொடுத்தது என்னவோ கணக்கு எழுதுகிற வேலைதான்.

ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். மேற்கே ஜவ்வாது மலை. மலையிலிருந்து சாமை, புளி, தேன் எல்லாம் இறங்கி வரும். வேலூர்ப் பக்கமிருந்து சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் வந்து சேரும். இரண்டும் சந்திக்கிற இடம் எங்கள் கடைத்தெரு. அங்கேதான் ஏழு கடைக்கு நான் கணக்கு.

அந்த ஏழில் இரண்டு மளிகைக் கடைகள் எதிரெதிரே. வடக்குக் கடை, தெற்குக் கடை என்று வைத்துக் கொள்வோம். பெயரைச் சொன்னால் நான் ஊரில் இருக்க முடியாது. இரண்டு முதலாளிகளுக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், ஒரு தார்ப்பாய். யாருடைய தார்ப்பாய், யார் கிழித்தது என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் கணக்கு எழுதுவது நான் ஒருத்தன்தான். "எதிர்க் கடைக்காரன் என்ன விலைக்கு எடுக்கறான்?" என்று ஒரு நாளும் இருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று தெரியும். "கணக்குப் பிள்ளைக்குக் கண் இருக்கலாம், கை இருக்கலாம், வாய் மட்டும் இருக்கக் கூடாது" என்பது எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பெரியவரின் வாக்கு. அதைத்தான் நான் காப்பாற்றி வந்தேன். போன வருஷம் வரைக்கும்.

ஏழு கடைக்கும் சோப்பு, பேஸ்ட் போடுகிற கம்பெனி ஒன்றே. முன்பெல்லாம் சரக்கு வண்டியோடு பில் வரும். அப்புறம் கம்பெனி முன்னேறிவிட்டது. "எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, எடுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கடைக்கு ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு. கடைக்காரர்கள் அதைக் கையில் கிடைத்த சோப்பு அட்டையில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக மறந்து போனார்கள்.

தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு என் வீட்டில் இதுதான் காட்சி. லாகின். மெனு. பில். தேதி. டவுன்லோடு. லாக்அவுட். அடுத்த கடை. மறுபடி லாகின். நடுவில் மனைவி காபி கொண்டு வருவாள். மரியாதைக்கு எழுந்து போய் நிதானமாகக் குடித்துவிட்டு வந்தால், 'உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்'. ஒரு காபி நேரத்தில் என்னை அடியோடு மறந்து போகிற ஜீவன் உலகத்தில் அது ஒன்றுதான்.

விட்டுவிடலாம் என்றாலும் முடியாது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து என் மாதிரி ஆசாமிகளுக்கு மாதம் இரண்டு பரீட்சை. 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற ரிட்டர்ன். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வாங்கின சரக்குக்கு பில் இல்லாவிட்டால், ஏற்கெனவே கட்டின வரியைக் கழித்துக் கொள்ளவும் முடியாது. பில் என்பது காகிதமல்ல சார், பணம்.

இந்த நிலைமையில்தான் என் மனைவியின் அண்ணன் மகன் லீவுக்கு வந்து சேர்ந்தான். வேலூரில் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் படிக்கிற பையன். இரண்டு நாள் என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"என்னா மாமா, தினம் இதையேவா பண்றீங்க?"

"பின்னே? சம்பளமே இதுக்குத்தானேடா."

"ஒரு கர்ல் போட்டா முடிஞ்சுது."

கர்ல் என்றால் சுருட்டை முடி என்று எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கோ முன்பக்கம் முடியே இல்லை. கிண்டல் செய்கிறானோ என்று முறைத்தேன்.

கிண்டல் இல்லை. கர்ல் என்பது ஒரு புரோகிராம். படம் கிடையாது, பட்டன் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது. ஒரு கறுப்பு ஜன்னல். அதில் ஒரு வரி எழுதி என்டர் தட்டினால், நீங்கள் சொன்ன வெப் பக்கத்தைப் போய் வாங்கிக் கொண்டு வந்து போடும். எடுபிடிப் பையன் மாதிரி. ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் செய்தது. 1996-ல் அவருக்கு அன்னியச் செலாவணி விலைகளை இன்டர்நெட்டிலிருந்து தானாக எடுக்க வேண்டியிருந்தது. பிரேசில்காரர் ரஃபேல் சகுலா எழுதி வைத்திருந்த ஒரு சின்ன புரோகிராமை எடுத்து வளர்க்க ஆரம்பித்தார். 1998 மார்ச்சில் அது கர்ல் என்ற பெயரோடு வெளிவந்தது. இன்று கார், டி.வி., செல்போன் என்று எதைத் திறந்தாலும் உள்ளே எங்கேயோ அது இருக்கும். 2018 முதல் விண்டோஸிலேயே சேர்த்துத் தருகிறார்கள். ஆக, என் கம்ப்யூட்டரிலும் வருஷக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது, என் வீட்டு எக்ஸர்சைஸ் சைக்கிள் மாதிரி.

பையன் உட்கார்ந்தான். பில் பக்கத்தின் விலாசத்தை எழுதி என்டர் தட்டினான். வந்தது பில் அல்ல. லாகின் பக்கம்.

"இப்பத்தானேடா பிரௌசர்ல லாகின் பண்ணேன்?"

"அது பிரௌசருக்குத் தெரியும் மாமா. கர்லுக்குத் தெரியாதே. நீங்க யாருன்னே அந்த சைட்டுக்குத் தெரியாது."

இங்கே ஒரு சின்னப் பாடம். ஆபீஸில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் மேனேஜர் வருகிறாரா என்று ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.

பிரௌசரும் வெப்சைட்டும் பேசிக் கொள்கிற பாஷைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். அந்த பாஷைக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டீர்களா, கொடுத்தது. அடுத்த நொடியே மறந்தது. மறுபடி கேட்டால், "யாருப்பா நீ?" ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் போகிறவனுக்கு அது போதும். ஆனால் கடை நடத்த முடியுமா? கூடையில் சோப்பைப் போட்டுவிட்டு சீயக்காய் எடுக்கத் திரும்பினால், கடைக்காரர் சோப்பை மறந்துவிட்டால் எப்படி?

1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மான்டுல்லி என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் தடவை வருகிறவன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பு. அடுத்த தடவை அதைக் காட்டட்டும். காட்டினால், 'ஓ, அவனா' என்று தெரிந்து கொள். அந்தச் சீட்டுக்கு குக்கி என்று பெயர் வைத்தார். யூனிக்ஸ்காரர்கள் ஏற்கெனவே 'மேஜிக் குக்கி' என்று சொல்லிக் கொண்டிருந்ததிலிருந்து எடுத்தது. பிஸ்கட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பையன் இதை ஹால் டிக்கெட், ஐ.டி. கார்டு என்று என்னென்னவோ சொல்லிப் புரிய வைக்கப் பார்த்தான். எனக்குப் புரிந்தது வேறு வழியில்.

சில வருஷம் முன்பு ஒரு ஆடி வெள்ளிக்குக் குடும்பத்தோடு கோவிலுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் கொடுப்பார்கள் இல்லையா, அது என் ஜேபியிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது. தரிசனம் முடிந்து வருவதற்குள் எவனோ ஒரு புண்ணியவான் அதைப் பொறுக்கிக் கொடுத்து, என் புது லெதர் செருப்பைப் போட்டுக் கொண்டு போய்விட்டான். "நான்தானே சார் விட்டேன்? அரை மணி முன்னாடி பேசினோமே, என் மூஞ்சி ஞாபகமில்லையா?" என்று கேட்டேன்.

"மூஞ்சிக்கெல்லாம் செருப்பு குடுக்கறதில்ல சார். டோக்கனுக்குத்தான்" என்றார் அவர். வாயை மூடிக் கொண்டு வெறுங்காலோடு வந்தேன்.

லாகின், செஷன் எல்லாம் இவ்வளவுதான். பாஸ்வேர்டை ஒரே ஒரு தடவைதான் கேட்கிறார்கள். சரியாக இருந்தால் ஒரு டோக்கன். அதற்கப்புறம் நீங்கள் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. டோக்கன் யார் கையிலோ, அவர்தான் நீங்கள். 2010-ல் எரிக் பட்லர் என்கிற அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்று ஒன்றை வெளியிட்டார். காபி கடையில் பூட்டில்லாத வை-ஃபையில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து மேஜைக்காரரின் டோக்கனை எடுத்து, ஃபேஸ்புக்கில் அவராகவே நுழைந்துவிடலாம். பாஸ்வேர்டே தெரிய வேண்டாம். இது எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அப்புறம்தான் பெரிய பெரிய சைட்டுகளெல்லாம் லாகின் பக்கத்துக்கு மட்டும் போட்டிருந்த பூட்டை எல்லாப் பக்கத்துக்கும் போட ஆரம்பித்தன.

சரி, கறுப்பு ஜன்னலுக்கு வருவோம். பிரௌசர் இந்த டோக்கனைத் தானாக வாங்கி, தானாகக் காட்டிவிடுகிறது. நமக்குத் தெரிவதேயில்லை. கர்ல் அப்படியில்லை. வாங்கி வை என்றால்தான் வைக்கும், காட்டு என்றால்தான் காட்டும். பையன் 'மைனஸ் சி' என்று எழுதினான். வாங்கின டோக்கனை ஒரு ஃபைலில் போட்டு வை என்று அர்த்தம். அந்த ஃபைலுக்கு குக்கி ஜார் என்று பெயர், அதாவது டப்பா. அடுத்த வரியில் 'மைனஸ் பி'. டப்பாவில் இருப்பதைக் காட்டிவிட்டு உள்ளே போ.

அந்த டப்பாவைத் திறந்து காட்டினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏழு காலம் போட்ட லெட்ஜர்! எந்த சைட், அதன் கிளைகளுக்கும் செல்லுமா, எந்தப் பகுதிக்கு, பூட்டின லைனில் மட்டுமா, எப்போது காலாவதி, டோக்கனின் பெயர், டோக்கனின் நம்பர். காலாவதி நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்று எழுதுகிறார்கள். பூஜ்யம் என்றிருந்தால், பிரௌசரை மூடினதும் தூக்கிப் போட வேண்டிய டோக்கன். ஆனால் கர்ல் அதைத் தானாகத் தூக்கிப் போடாது. நாம் சொன்னால் ஒழிய டப்பாவிலேயே இருக்கும். இந்த ஒரு வரியை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். நான் வைத்துக் கொள்ளவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல் இருந்தது. லாகின் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம், அதில் தடவைக்குத் தடவை மாறுகிற ஒரு நம்பர். வேறு எவனாவது உங்கள் பெயரில் படிவம் அனுப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. முதலில் லாகின் பக்கத்தையே வாங்கி, அந்த நம்பரைப் பொறுக்கி, யூசர்நேம் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, நான் பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுதப் போனேன். பையன் கையைப் பிடித்தான். மேல் அம்புக்குறி பட்டனை அழுத்தினால் பழைய வரிகளெல்லாம் திரும்ப வந்து நிற்கும். வீட்டுக்கு யார் வந்து அழுத்தினாலும் வடக்குக் கடை பாஸ்வேர்டு பல்லை இளிக்கும். தனி ஃபைலில் வை என்றான்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று ஒரு பயம் வந்தது. பயம் நியாயமானதுதான். ரயில் தத்கால் டிக்கெட்டை இப்படித் தானியங்கியாக அள்ளுகிற சாஃப்ட்வேர் செய்தார் என்று 2017 டிசம்பரில் சி.பி.ஐ. ஒருவரைக் கைது செய்தது. அவர் யார் தெரியுமோ? சி.பி.ஐ.யிலேயே வேலை பார்த்த புரோகிராமர்! அங்கே போட்டிக்கு லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். இயந்திரத்தை விட்டு முந்தினால், பெட்டியைத் தூக்கிக் கொண்டு நிற்கிறவனுக்கு சீட் இல்லை. என் விஷயம் அப்படியில்லை, கடைக்காரரின் பில்லைக் கடைக்காரருக்காக எடுப்பது. இருந்தாலும் கம்பெனியின் ஏரியா ரெப்பிடம் போனில் கேட்டேன். அவர் மேலே கேட்டுவிட்டு, "பண்ணிக்குங்க சார். ராத்திரி பண்ணுங்க, பகல்ல பண்ணி சைட்டைப் படுக்க வெச்சிடாதீங்க" என்றார். பேங்க் சைட், அரசாங்க சைட் பக்கம் மட்டும் நான் இந்த வித்தையோடு தலை வைத்தும் படுப்பதில்லை. உங்களுக்கும் அதே புத்திமதி.

பையன் ஏழு கடைக்கும் சேர்த்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டு லீவு முடிந்து கிளம்பினான். நான் ராஜாவானேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு என்டர். ஏழு கடை பில்லும் ஏழு ஃபோல்டரில். சாயங்காலம் முழுக்கச் சும்மா இருக்கிற என்னைப் பார்த்து மனைவி கவலைப்பட ஆரம்பித்தாள்.

முதல் அடி ஒரு மாதத்தில் விழுந்தது. ஒன்பதாம் தேதி கணக்கு முடிக்கலாம் என்று பில்களைத் திறந்தால், ஒன்றும் திறக்கவில்லை. கூர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு நாள் பில்களும், ஏழு கடைக்கும், ஒரே சைஸ். 14 கேபி. வடக்குக் கடையும் பெட்டிக் கடையும் ஒரே அளவு சரக்கு எடுக்க முடியுமா? வேலூருக்குப் போன் போட்டேன்.

"மாமா, அது பில் இல்ல, லாகின் பக்கம். படிவத்துல ஏதோ கட்டத்தோட பேரை மாத்தியிருக்காங்க. லாகின் ஆகல."

"அப்புறம் ஏண்டா '200 ஓகே'ன்னு சொல்லிச்சு?"

"லாகின் பக்கத்தை ஒழுங்கா குடுத்துட்டேன்னு அது ஓகே சொல்லுது."

வாங்க சார், உட்காருங்க சார், ஆகட்டும் சார் என்று சிரித்த முகமாகச் சொல்லி, காரியத்தை மட்டும் செய்யாமல் அனுப்புகிற ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு ராத்திரி கண் விழித்து எல்லா பில்லையும் கையால் எடுத்து முடித்தேன். அதன் பிறகு ஸ்கிரிப்டில் ஒரு சோதனை சேர்த்தோம். லாகின் செய்தபின் வருகிற பக்கத்தில் 'லாக்அவுட்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார். இருந்தால் உள்ளே இருக்கிறோம். இல்லாவிட்டால் நிறுத்து.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேலை சுலபமான கொழுப்பில் ஒரு புது சேவை ஆரம்பித்தேன். அன்றன்று எடுத்த பில்லைக் கடைக்காரர்களுக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. "பரவால்லியே, நம்ம கணக்குப் பிள்ளை கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாயிட்டான்" என்று பெயர் வந்தது. வர வர, அனுப்புவதைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை. தெற்குக் கடை முதலாளியின் மகன், செல்போனில் அந்த சைட்டைத் திறந்து, ஏதோ ஜாக்கிரதை உணர்ச்சியில் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை. அன்று ராத்திரி என் ஸ்கிரிப்ட் வரிசையாகப் போயிற்று. வடக்குக் கடை, லாகின் ஆயிற்று, பில் வந்தது. அடுத்தது தெற்குக் கடை. பழைய பாஸ்வேர்டு, லாகின் தோற்றது. ஆனால் டப்பாவில் வடக்குக் கடையின் டோக்கன் உயிரோடு இருந்தது. ஏழு கடைக்கும் ஒரே டப்பா, நடுவில் லாக்அவுட் கிடையாது. பக்கத்தில் 'லாக்அவுட்' என்ற வார்த்தை இருக்கிறதா? இருந்தது. உள்ளே இருக்கிறோமா? இருக்கிறோம். யாராக இருக்கிறோம் என்று கேட்கத்தான் நான் எழுதியிருக்கவில்லை.

வடக்குக் கடையின் பில் தெற்குக் கடை ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது. அதை நான் என் கையாலேயே தெற்குக் கடைக்காரருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன்.

"என்னாப்பா, எனக்கு இந்தத் தடவை மூணு பர்சன்ட் ஸ்கீம் போட்டிருக்கான்? எப்பவும் ஒண்ணரைதானே குடுப்பான்?"

"அப்படியா அண்ணே..."

"இரு இரு. மேல பேரு..." பேச்சு நின்றது. பின்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகிற யாரோ டீ கேட்கிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் மெதுவாக, "இது அவன் பில்லுப்பா" என்றார்.

ஓடினேன். நான் போவதற்குள் அவர் அதை அழித்திருந்தார். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே? மனசில் விழுந்த எண்ணை எந்த பட்டனை அழுத்தி அழிப்பது? பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்திருப்பவன் தன்னைவிட ஒன்றரை பர்சன்ட் மலிவாக வாங்குகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. "நீ ஒண்ணும் போய் சொல்லிகினு இருக்காதே. நானும் சொல்ல மாட்டேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அந்த வாரமே ரெப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்று பர்சன்ட் கேட்டார் என்பது வேறு விஷயம்.

யாருக்குத் தெரியப் போகிறது? இரண்டு நாள் இதே கேள்வியோடு நடந்தேன். சொல்லாவிட்டால் ஏழு கடை. சொன்னால் எத்தனை கடை என்று தெரியாது. படவேடு ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தபோது, அம்மனிடம் சொல்லிவிட்டு சும்மா இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிய வேண்டியவர் வடக்குக் கடை கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் போனேன். அவர் புளி நிறுத்துக் கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கன், டப்பா, பாஸ்வேர்டு மாற்றினது என்று விளக்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்குப் புரியாதுப்பா. நான் உன்னை நம்பிக் குடுத்தேனா, உன் டப்பாவை நம்பிக் குடுத்தேனா?"

"என்னைத்தான் அண்ணே."

புளியைப் பொட்டலம் கட்டினார். சணல் சுற்றி அறுத்தார். கல்லாவைத் திறந்து என் மாதச் சம்பளத்தை எண்ணி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இந்த மாசக் கணக்கை முடிச்சுக் குடுத்துடு. அடுத்த மாசத்திலேர்ந்து பையன் பாத்துக்குவான்." ஒரு நிமிஷம் கழித்து, "வந்து சொன்னியே, அது நல்லது" என்றார். அவ்வளவுதான்.

பையனுக்குப் போன் செய்து, ஸ்கிரிப்டை முதலிலிருந்து எழுத வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் எனக்குப் புரிகிற வரை விடவில்லை. இப்போது கடைக்கு ஒரு டப்பா. ஆரம்பிக்கும்போது டப்பா காலி. உள்ளே போனதும், 'லாக்அவுட்' வார்த்தையோடு, அந்தக் கடையின் பெயர் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். பில்லைத் திறந்து, பெயரை என் கண்ணால் படிக்காமல் யாருக்கும் எதையும் நான் அனுப்புவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "அதான் டப்பாவை அழிச்சுடறோமே, லாக்அவுட் எதுக்கு?" என்று கேட்டேன். "டோக்கனைக் கிழிச்சுப் போட்டா போதுமா மாமா? அந்த நம்பர் அவங்க கிட்ட இன்னும் செல்லுபடி ஆகுமே. நகல் எவன் கையிலாவது இருந்தா?" என்றான். புரிந்தது. செருப்பை எடுத்துக் கொண்டு, டோக்கனைக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். புரிந்தாலும், நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி மருந்து வாங்கப் போய்விட்டு ஒன்பது மணிக்குக் கடைத்தெரு வழியாக வந்தேன். வடக்குக் கடை முதலாளி ஷட்டரை இறக்கிக் கொண்டிருந்தார். பூட்டினார். பூட்டைப் பிடித்து ஒரு இழு. நாலு அடி நடந்தார். திரும்பி வந்து இன்னொரு இழு. முப்பது வருஷமாக தினமும் இப்படித்தான். என்னைப் பார்த்தார். "சாப்டியா?" என்றார். "இல்லண்ணே, இனிமேதான்" என்றேன். போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, சாப்பிடுவதற்கு முன் உட்கார்ந்து ஸ்கிரிப்டில் லாக்அவுட் வரியைச் சேர்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி. லாக்அவுட் ஆனபிறகு, அதே பழைய டோக்கனைக் காட்டி பில்லை மறுபடி கேட்டுப் பார்க்கிற வரி. பூட்டை இழுத்துப் பார்ப்பது.

ஓட்டினேன். ஆறு கடைக்கும் பில் வந்தது. ஆறு தடவையும் கடைசியில் லாகின் பக்கம் வந்து, யார் நீ என்று கேட்டது. வருஷக்கணக்கில் என் காபியை ஆற வைத்த அதே பக்கம். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.